முதல் அடுப்புக்கு ஒரு பிடி

ஊரே ஓட்டுப் போட்டு ஜெயிக்க வைத்த ஊராட்சித் தலைவியைக் கூட்டிக்கொண்டு போய், மனு கொடுக்க வந்த பொம்பளையாக நடிக்கச் சொன்னால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது? அஞ்சலைக்கு வந்தது. எழுந்து நின்று, கையைக் கூப்பி, "எங்க தெருவுல தண்ணி வரலீங்க" என்று சொல்ல வேண்டும். தலைவராக நடிப்பதற்கு, சென்னையிலிருந்து வந்திருந்த ஜீன்ஸ் போட்ட பையன் ஒருவன் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். நிஜத் தலைவி நானிருக்க இவன் எதற்கு என்று கேட்டாள். நீங்களெல்லாம் கூச்சப்படுவீர்கள், முதலில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

கீழ்புத்துப்பட்டைத் தாண்டிக் கடலோரத்துச் சவுக்குத் தோப்புக்குள் இருந்தது அந்தப் பயிற்சி மையம். வாசலில் பெரிய ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். 'பழங்குடி மக்கள் பிரதிநிதிகளுக்கான நல்லாளுகை மற்றும் மேலாண்மைத் திறன் பயிற்சி.' எழுத்துக்குப் பக்கத்தில் ஓர் இருளர் பெரியவர் எலியின் வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு சிரித்தார். ஆளுகைக்கும் எலிக்கும் என்ன சம்பந்தம் என்று அஞ்சலை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் கைதட்டியிருப்பார்கள். அங்கே யார் எதைச் சொன்னாலும் கைதட்டினார்கள்.

முதல் நாள் கண்ணைக் கட்டி நடக்க விட்டார்கள். ஒருவர்மேல் ஒருவருக்கு நம்பிக்கை வருமாம். பிறகு பலூன் ஊத விட்டார்கள். நேர மேலாண்மை என்று ஒரு வகுப்பு. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து பழகுங்கள், வாழ்க்கையே மாறிவிடும் என்று ஒருவர் படம் போட்டுக் காட்டினார். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் இருளர்கள். கழுவெளி உப்பங்கழியில் இறங்கிக் கையால் இறால் தடவுவதற்காகக் கோழி கூவும் முன்பே எழுந்து சோறு வடிக்கிற ஜனம். அவர்களும் பாவம், சரிங்க சரிங்க என்று தலையாட்டினார்கள். இரண்டாம் நாள் காலையில் கோபத்தைக் கையாள்வது எப்படி என்று ஒரு வகுப்பு.

பயிற்சி நடத்திய கீதாஞ்சலி மேடத்தைக் கெட்டவள் என்று சொல்ல முடியாது. தோளைத் தொட்டுப் பேசுவாள். நீங்கள்தான் இந்த மண்ணின் மூத்த குடி என்று சொல்லும்போது அவளுக்குக் கண்கூடக் கலங்கியது. ஆனால் அந்த மூத்த குடி எந்த ஊரில், எந்த வேலியை எதிர்த்து நிற்கிறது என்று இரண்டு நாளாக அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் அஞ்சலையை அறுத்தது. அந்தக் கதையைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தபோதெல்லாம், அருமை, அதைக் கடைசி நாள் பகிர்வு நேரத்துக்கு வைத்துக்கொள்வோம் என்று மேடம் அடுத்த விளையாட்டுக்குப் போய்விட்டாள்.

கதை இதுதான். அஞ்சலையின் ஊராட்சி ஓதியங்குப்பம். அதன் விளிம்பில், கழிமேட்டில், இருளர் வீடுகள்; அஞ்சலையின் வீடும் அங்கேதான். கழிமேட்டிலிருந்து கழுவெளித் தண்ணீருக்குப் போக ஒரே வழி, உப்பளங்களுக்கு நடுவே ஓடும் ஒரு மண் கரை. புறம்போக்குக் கரை; யாருக்கும் சொந்தமில்லை, அதனாலேயே எல்லாருக்கும் சொந்தம். கரைக்கு இரண்டு பக்கமும் உப்பளம் வைத்திருக்கிறவர் பக்தவச்சலம். அவர்தான் ஊராட்சித் துணைத் தலைவரும். உப்பில் லாபமில்லை, பாத்திகளை வெட்டி இறால் பண்ணை ஆக்கப் போகிறார். நடுவில் இருக்கிற கரையையும் சேர்த்து வேலி போட்டால்தான் பண்ணை. கரை பல வருஷமாகத் தன் அனுபவத்தில் இருக்கிறது, குத்தகைக்குக் கொடுக்க ஆட்சேபணை இல்லை என்று கிராம சபை ஒரு தீர்மானம் போட்டால் போதும் என்று அவர் அஞ்சலையிடம் கேட்டார். முடியாது என்று அஞ்சலை சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு, அவர் முகத்தில் கோபத்தின் நிழலே இல்லை. அவள் அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

இரண்டாம் நாள் காலைத் தேநீர் இடைவேளையில்தான் போனை எடுக்க விட்டார்கள். வகுப்புக்குள் நுழையும்போதே எல்லார் போனையும் வாங்கி ஒரு கூடையில் போட்டு வைப்பது அங்கே வழக்கம். கூடைக்குள் அவள் போன் துடித்துக்கொண்டிருந்தது. கழிமேட்டில் இறால் எடுத்துப் புதுச்சேரி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகிற ஷஃபி.

"அக்கா, எங்க இருக்கீங்க? காலையில லோடு ஏத்திக்கினு வரும்போது பார்த்தேன், பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால பந்தல் போட்டுனு இருந்தாங்க. கிராம சபையாம். நீங்க இல்லாம எப்படிக்கா?"

நவம்பர் மாதம் ஒன்றாம் தேதி நடக்க வேண்டிய கிராம சபை மழையால் தள்ளிப்போயிருந்தது. பயிற்சிக்குக் கிளம்புகிற அன்றுகூட அஞ்சலை ஊராட்சிச் செயலரிடம் கேட்டாள். இன்னும் தேதி வரலம்மா, நீங்க நிம்மதியா போய்ட்டு வாங்க என்று சிரித்தான் அவன். சோற்றைத் தின்கிற வாயால்தான் அதைச் சொன்னான்.

கணவன் ஏழுமலைக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கழிமேட்டுக் கிழவி முத்தம்மாளுக்குப் போட்டாள், பக்கத்து வீட்டுக்குப் போட்டாள். எங்கும் ஆள் இல்லை. பிறகுதான் உறைத்தது. நேற்று அமாவாசை. அமாவாசைக்கு மறுநாள் தண்ணீர் ஏறி இறங்கும்போது இறால் கூட்டமாக வரும். அன்று கழிமேட்டில் நடக்க முடிந்த ஒரு ஆள் வீட்டில் தங்காது. போன்களை எல்லாம் ஒரு பானைக்குள் போட்டுக் கரையில் வைத்துவிட்டு மொத்தக் குடியும் கழுத்தளவுத் தண்ணீரில் இருக்கும். கழிமேடு காலியாகிற நாளைப் பார்த்துத்தான் பந்தல் போட்டிருக்கிறார்கள்.

அவள் நேராகக் கீதாஞ்சலியிடம் போனாள். தலைவர் இல்லாமல் கிராம சபை நடத்தலாமா என்று கேட்டாள். மேடத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எல்லாரையும் கூப்பிட்டு, பாருங்கள், எவ்வளவு அருமையான கேள்வி என்றாள். தலைவர் வர முடியாவிட்டால் துணைத் தலைவர் தலைமை தாங்கலாம், தீர்மானமும் போடலாம் என்று விளக்கினாள். எல்லாரும் கைதட்டினார்கள்.

"எங்க ஊர்ல இப்ப நடக்குது மேடம். எனக்குச் சொல்லாம நடத்துறாங்க. நான் போவணும்."

மேடம் கொஞ்சம் தடுமாறினாள். அப்படியெல்லாம் இருக்காது, ஏதாவது தகவல் இடைவெளியாக இருக்கும் என்றாள். அப்புறம் ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னாள்:

"உங்க வைஸ் பிரசிடென்ட் சார் ரொம்ப சப்போர்ட்டிவ் ஆச்சே. அவர்தான் எனக்குப் போன் பண்ணி, இந்த பேட்ச்லயே உங்க பேரைச் சேர்த்தாகணும்னு சொன்னாரு."

அஞ்சலை அவள் முகத்தையே பார்த்தாள். இவள் தெரிந்து செய்யவில்லை. தெரியாமல் செய்தாள் என்பதால் கழிமேட்டுக்கு ஒரு பிடி மண் மிச்சமாகிவிடுமா? கிளம்பினால் சான்றிதழ் தர முடியாது, மூன்று நாளும் முழுசாக இருக்க வேண்டும் என்று மேடம் பின்னாலேயே வந்து சொன்னாள். அதை உங்க வைஸ் பிரசிடென்ட் சாருக்கே குடுத்துடுங்க என்று சொல்லிவிட்டு அஞ்சலை செருப்பை மாட்டினாள்.

ஷஃபி மார்க்கெட்டிலிருந்து காலிப் பெட்டிகளோடு திரும்பிக்கொண்டிருந்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அவனுடைய குட்டியானை வேனை நிறுத்தி ஏறிக்கொண்டாள். வழியெல்லாம் அவளுக்கு நெஞ்சு கொதித்தது. துணைத் தலைவர் வீட்டிலிருந்து கார் அனுப்பினார்கள், பயிற்சிக்குக் கட்டிக்கொண்டு போ என்று புடவைகூடக் கொடுத்தார்கள். அதை மரியாதை என்று நம்பி, தலை நிமிர்ந்து காரில் ஏறினாளே! தன்மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஷஃபி பாவம், அனுமந்தை வரைக்கும் ஏதேதோ சமாதானம் சொல்லிப் பார்த்தான். அப்புறம் வாயை மூடிக்கொண்டு வண்டியை விரட்டினான்.

கூட்டத்துக்கு நேராகப் போகலாமா என்று அவன் கேட்டான். வேண்டாம், கழிக்குப் போ என்றாள். தனியாகப் போய் நின்றால் ஒரு பொம்பளையின் கத்தல். அதை எழுதக்கூட மாட்டார்கள்.

கழுத்தில் பயிற்சி மைய அட்டை தொங்க, புதுப் புடவையோடு அவள் தண்ணீரில் இறங்கினாள். பெண்கள் வரிசையாகத் தவழ்ந்து, சேற்றைக் கையால் தடவிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள். ஓலையில் முடைந்த பறியைப் பல்லில் கடித்திருப்பார்கள். பிடிக்கிற இறாலை அதில் போட்டுக்கொண்டே நகர்வார்கள். அதனால் கூப்பிட்டால் யாரும் பதில் சொல்ல முடியாது, நிமிர்ந்து பார்க்க மட்டும்தான் முடியும். வரிசைக்கு முன்னால் எப்போதும் முத்தம்மாள். ஏழுமலைக்கு அத்தை முறை. கழிமேட்டில் அவள் சொல்லைத் தட்ட மாட்டார்கள். பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, இப்பத்தான் எறா வருது, இந்த நேரத்துல என்னாடி என்று அவள் சலித்துக்கொண்டாள்.

"இன்னிக்கு விட்டா நாளையிலேர்ந்து இந்தக் கரையில காலு வெக்க முடியாது அத்தே. ஏறி வாங்க எல்லாரும்."

அமாவாசை இறாலை விட்டுவிட்டுக் கரையேறுவது லேசான விஷயம் இல்லை. ஒரு வாரச் சோறு அது. முணுமுணுத்துக்கொண்டேதான் வந்தார்கள். ஆனால் வந்தார்கள்; ஆணும் பெண்ணுமாக, சேறு சொட்ட, பறியை இடுப்பில் கட்டிக்கொண்டு.

கரை முடிகிற இடத்தில் பக்தவச்சலத்தின் வீடு. அங்கே வந்ததும் முத்தம்மாள் பழக்கத்தில் வாசல் பக்கம் திரும்பினாள். கழிமேட்டாருக்கு ஒரு வழக்கம் உண்டு. அமாவாசைக்கு அடுத்து இறங்குகிற நாளில், முதல் பிடி இறாலைக் குலசாமி கன்னியம்மாவுக்கு என்று தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள். கரையேறியதும் எதிர்ப்படுகிற முதல் அடுப்புக்கு இன்னொரு பிடி. யார் வீட்டு அடுப்பு என்று பார்ப்பதில்லை. அந்த அடுப்பு எரியாமல் நாம் மட்டும் ஆக்கித் தின்னக்கூடாது, அவ்வளவுதான். முன்பு அங்கே பனையேறி ஒருவர் குடிசை இருந்தது, அவருக்குக் கொடுத்தார்கள். பிறகு பக்தவச்சலம் அங்கே மாடி கட்டினார், இவருக்குக் கொடுக்கிறார்கள். மாடி வீட்டுக்காரருக்கு எதற்கு என்று யாருக்கும் தோன்றியதில்லை.

"அப்புறம் போடலாம் அத்தே. கூட்டம் முடிஞ்சிடும்" என்று அஞ்சலை அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

கூட்டம் முடியவில்லை. பந்தலில் ஒலிபெருக்கி வைத்து, செயலர் அந்தத் தீர்மானத்தைத்தான் வாசித்துக்கொண்டிருந்தான். தலைவர் நாற்காலியில் பக்தவச்சலம். பக்கத்தில், கூட்டத்தைக் கவனித்து எழுத ஒன்றியத்திலிருந்து வந்த பற்றாளர். எதிரே ஊர் விவசாயிகள், உப்பளத்து ஆட்கள். ஈரம் சொட்டச் சொட்ட ஒரு கூட்டம் உள்ளே நுழைந்ததும் செயலர் வாசிப்பைப் பாதியில் நிறுத்தினான்.

அஞ்சலை போய் மைக்கை வாங்கினாள். எனக்குத் தெரியாமல் என் ஊராட்சியில் எப்படிக் கூட்டம் போட்டீர்கள் என்று கேட்டாள். உங்களுக்குத் தகவல் சொல்லியாச்சு, பயிற்சியில் இருப்பதால் வரவில்லை என்றார்களே என்று பற்றாளர் விழித்தார். செயலர் தரையைப் பார்த்தான். தலைவர் வந்துவிட்டதால் அவர்தான் தலைமை தாங்க வேண்டும் என்று பற்றாளரே சொல்ல, பக்தவச்சலம் எழுந்து பக்கத்து நாற்காலிக்கு நகர்ந்தார். கோபம் இல்லை, பதற்றம் இல்லை. சிரித்த முகம்.

"தலைவரம்மாவே வந்துட்டாங்க, நல்லதாப் போச்சு. அவங்க ஜனத்தையே கேட்டுருங்க சார்" என்றவர் முத்தம்மாள் பக்கம் திரும்பினார். "ஏம்மா முத்தம்மா, பொய் சொல்லாம சொல்லு. அந்தக் கரையில நடந்து எறா புடிக்கிறதுக்கு மாசாமாசம் என் வீட்டுக்கு எறா குடுக்குறீங்களா இல்லியா?"

முத்தம்மாளுக்கு ரோஷம் வந்துவிட்டது. கொடுக்கவில்லை என்று யாரோ பழி சொல்வதாக நினைத்துவிட்டாள்.

"குடுக்காம? எங்க மாமியாரு காலத்துலேர்ந்து ஒரு அமாவாசை தவறினது இல்ல. உங்க வீட்டம்மாவைக் கேட்டுப் பாருங்க" என்று மார்பைத் தட்டிச் சொன்னாள். பின்னால் நின்ற அத்தனை பேரும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

அஞ்சலைக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. பக்தவச்சலம் பற்றாளரைப் பார்த்துக் கையை விரித்தார். கேட்டுக்கிட்டீங்களா சார், இத்தனை வருஷமா குத்தகை குடுத்திருக்காங்க, கரை யார் அனுபவத்தில் இருக்குதுன்னு அவங்க வாயாலயே சொல்லிட்டாங்க என்றார். பற்றாளர் பேனாவைத் திறந்தார். கழிமேட்டாருக்கு என்ன நடந்தது என்றே விளங்கவில்லை. நல்லது செய்ததைத்தானே சொன்னோம் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

பயிற்சி மையத்தில் கோபம் வந்தால் மூச்சை இழுத்து விடச் சொல்லியிருந்தார்கள். அஞ்சலை மூச்சை இழுத்தாள். விடவில்லை.

"முதலாளி, நான் ஒண்ணு கேக்குறேன். வருஷா வருஷம் பொங்கலுக்கு உங்க வீட்லேர்ந்து எங்களுக்குப் புடவை குடுக்குறீங்க. இதோ, நான் கட்டினு இருக்கறது நீங்க குடுத்ததுதான். குடுக்குறவன் குத்தகைக்காரன்னா, உங்க மாடி வீடு எங்களோடதா? எங்களுக்குக் குத்தகை குடுத்துட்டுத்தான் அதுல குடியிருக்கீங்களா?"

பந்தலில் முதலில் யாரோ ஒரு விவசாயி சிரித்தார். அப்புறம் சிரிப்பு பரவிவிட்டது. உப்பளத்துப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பக்தவச்சலத்தின் முகம் முதன்முறையாகக் கறுத்தது.

"ஏய் அஞ்சல, பாத்துப் பேசு. புடவை நான் மனசார குடுக்கறது" என்றார்.

"நாங்க எறாவை மனசில்லாமலா குடுத்தோம்?"

அஞ்சலை தீர்மானத்தை ஓட்டுக்கு விட்டாள். ஆதரித்து உயர்ந்த கைகள் அவருடைய ஆட்களோடு நின்றுவிட்டன. எதிர்த்து, கழிமேட்டுச் சேற்றுக் கைகள் மொத்தமும் எழுந்தன. கரையோரம் மாட்டுக்குப் புல் அறுக்கிற விவசாயிகள் சிலர் பக்தவச்சலத்தைப் பார்க்காமல் தாங்களும் தூக்கினார்கள். தீர்மானம் தோற்றது. கரை பொதுவழி என்று எழுதச் சொல்லி, வரி வரியாகத் திரும்ப வாசிக்க வைத்துக் கேட்டாள்.

கிளம்பும்போது பற்றாளர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனுஷர்தான். இன்றைக்குச் சமாளித்துவிட்டீர்கள் அம்மா, ஆனால் இவர் கோர்ட்டுக்குப் போவார், அங்கே சிரிக்க வைத்து ஜெயிக்க முடியாது என்றார்.

"இனிமே அந்த வீட்டுக்கு ஒரு எறாகூட குடுக்காதீங்க. குடுத்தீங்கன்னா ஒவ்வொண்ணும் சாட்சி. உங்க ஜனத்துக்கிட்ட இப்பவே சொல்லிடுங்க."

பந்தலுக்கு வெளியே கழிமேட்டாரை நிறுத்தி அஞ்சலை சொன்னாள். இன்றிலிருந்து முதல் அடுப்புக்கு இறால் போடக்கூடாது, யார் வீடாக இருந்தாலும். ஒப்புக்கொள்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றாள். தயங்கித் தயங்கித் தூக்கினார்கள். ஏழுமலையும் தூக்கினான். முத்தம்மாள் மட்டும் தூக்கவில்லை.

"அடுப்பு என்னாடி பண்ணுச்சு?" என்றாள்.

கரை வேணுமா வேணாமா அத்தே என்று மட்டும் அஞ்சலை கேட்டாள். வெடுக்கென்றுதான் கேட்டாள், கெஞ்சினால் தானே அழுதுவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும்.

எல்லாரும் கழிமேட்டுக்குத் திரும்பினார்கள். பக்தவச்சலத்தின் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். கூட்டத்தில் நடந்தது எதுவும் தெரியாமல், அவர் மனைவி பாக்கியலட்சுமி மண் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். அமாவாசைக்கு மறுநாள், வழக்கமாக நிற்கிறவள். மசாலாகூட அரைத்து வைத்திருந்தாள் போல. வாசனை தெருவரைக்கும் வந்தது. வரிசை அவளை நிமிர்ந்து பார்க்காமல் வேகமாக நகர்ந்தது.

"என்னா முத்தம்மா, நிக்காமப் போற? இன்னிக்கு ஒண்ணும் கெடைக்கலையா?"

முத்தம்மாள் நின்றாள். இடுப்பில் பறி கனத்தது; உள்ளே உயிரோடிருந்த இறால்கள் ஓலையில் தட்டுகிற சத்தம் பக்கத்தில் வந்த அஞ்சலைக்கே கேட்டது. முத்தம்மாள் முந்தானையை இழுத்துப் பறியை மூடினாள்.

"கெடைக்கலம்மா" என்றாள்.

அந்தக் கிழவி வாயிலிருந்து ஒரு பொய் வந்து அஞ்சலை அதுவரை கேட்டதில்லை. பாக்கியலட்சுமி பாவம், அடுத்த தடவை கெடைக்கும் விடு என்று சொல்லிவிட்டு வெறும் சட்டியோடு உள்ளே போனாள். கரையைப் பிடுங்கப் பார்த்தவன்மேல் காலையிலிருந்து வந்த கோபமெல்லாம் கோபமே இல்லை, இப்போது வருவதுதான் கோபம் என்று அஞ்சலைக்கு அப்போதுதான் தெரிந்தது.